நூற்றுக்கு நூறு ஈச்சங்காட்டு வண்டி

ஈச்சங்காட்டின் தலைவர் ஓர் உடும்பு. பெயர் உடையப்பன். எதையாவது பிடித்தால் விடமாட்டார். தலைவர் பதவியையும் அப்படித்தான் பிடித்திருந்தார். பத்து வருடமாக யாராலும் அவரைப் பெயர்த்தெடுக்க முடியவில்லை.

அந்தக் காட்டில் ஒரே ஒரு வண்டி இருந்தது. முத்தக்காள் என்ற முள்ளம்பன்றி தன் கையால் சேர்த்துப் பூட்டிய வண்டி. இரண்டு காட்டெருமைகள் அதை இழுக்கும். மற்ற நாட்களில் கிழங்கும் பழமும் ஏற்றி வரும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் குட்டிகளையும் முட்டைகளையும் பாறைமேட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உடையப்பன் பதவிக்கு வந்த பத்தாம் ஆண்டு விழா நெருங்கியது. 'பெருமையடித்துக்கொள்ள நம் காட்டில் என்ன இருக்கிறது?' என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குளம் பாசி பிடித்துக் கிடந்தது. பாதை குண்டும் குழியுமாக இருந்தது. இரண்டையும் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான். எனவே சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். வண்டி கண்ணில் பட்டது.

மறுநாளே வண்டியின் முன்னால் ஒரு பலகை தொங்கியது. 'நூற்றுக்கு நூறு ஈச்சங்காட்டு வண்டி!'

ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது புன்னைக்காடு. அங்கிருந்து பறந்து வந்த மைனா ஒன்று பலகையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

"எங்கள் காட்டுச் சக்கரத்தில் உருண்டுகொண்டு இந்த வண்டிக்கு என்ன வீறாப்பு!" என்றது.

கூடியிருந்த முயல்கள் களுக்கென்று சிரித்தன. உடையப்பனுக்கு வால் நுனிவரை சூடேறியது. நேரே முத்தக்காளிடம் போனார்.

"முத்தக்கா! அந்த மைனா சொல்வது உண்மையா?"

"உண்மைதான் தலைவரே. சக்கரம் புன்னைக்காட்டுக் கருவேலம். அச்சும் மூங்கில் தட்டியும் மேற்கு மலையிலிருந்து வந்தவை. கயிறு கற்றாழைத் திட்டில் திரித்தது."

"அப்படியானால் நம்முடையது எது?"

"நான் செதுக்கிய கடையாணியும் மேலே விரித்திருக்கிற ஈச்சம்பாயும்தான்!"

உடையப்பன் அந்தப் பாயை ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"அதனால் என்ன தலைவரே?" என்றாள் முத்தக்காள். "சேர்த்துப் பூட்டியது நான். பழுதானால் பார்ப்பதும் நான். ஏறிப் போவது நம் பிள்ளைகள். புன்னைக்காட்டார் நமக்குச் சக்கரம் கொடுக்கிறார்கள். நான் செய்யும் கடையாணி இல்லாவிட்டால் அவர்கள் வண்டியிலும் சக்கரம் கழன்று ஓடிவிடும். இப்படித்தான் எல்லாக் காட்டு வண்டியும் ஓடுகிறது."

"எனக்குப் பாடம் நடத்தாதே! மூன்று நாளில் அந்நியச் சாமான் அத்தனையும் கழற்றப்பட வேண்டும். எல்லாம் நம் ஈச்சமரத்திலேயே செய்!"

"ஈச்சமரம் நாராக உரிந்துவிடும் தலைவரே. சக்கரத்துக்கு ஆகாது."

"உனக்குக் காட்டுப்பற்று இல்லை!" என்று கத்தினார் உடையப்பன்.

அதற்குமேல் யார் பேசுவார்கள்? சக்கரங்களைக் கழற்றி ஆற்றில் உருட்டிவிட்டார்கள். அச்சும் தட்டியும் பின்னாலேயே போயின. கயிற்றை அறுத்து எறிந்தார்கள்.

கடைசியாக உடையப்பன் காட்டெருமைகளைப் பார்த்தார். அவருக்குள் சந்தேகம் கிளம்பியது.

"நீங்கள் எந்தக் காடு?"

"அம்மா புன்னைக்காடு, அப்பா ஈச்சங்காடு" என்றது பெரிய எருமை.

உடையப்பன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "சரி, இனி அப்பா பக்கத்தை வைத்து மட்டும் இழுங்கள்!"

விழா நாள் வந்தது. ஈச்சமரச் சக்கரம் பூட்டிய வண்டியில் உடையப்பன் மாலையோடு ஏறி அமர்ந்தார். எருமைகள் இழுத்தன. பத்தடி போவதற்குள் சக்கரம் நார்நாராகப் பிரிந்தது. வண்டி குடைசாய்ந்தது. தலைவர் சேற்றில் மல்லாந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் காட்டுப்பற்று இல்லை என்றாகிவிடுமே!

உடையப்பன் எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டார். "வண்டி என்றால் ஓடியே ஆகவேண்டும் என்று எவன் சொன்னது? நம் வண்டி நிமிர்ந்து நிற்கும்!" என்று முழங்கினார். நிமிர்ந்து நிற்கவும் அதற்குத் தெம்பில்லை. நான்கு பக்கமும் கல்லை அண்டக்கொடுத்து நிறுத்தினார்கள். தினமும் காலையில் எல்லா விலங்குகளும் அதன் முன் வந்து வணக்கம் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஐப்பசி பிறந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்த மழையில் ஆறு கரை ததும்பியது. விலங்குகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டும் முதுகில் சுமந்துகொண்டும் பாறைமேட்டுக்கு ஓடின.

உடையப்பனின் மனைவி உலகம்மை ஆற்றோரக் கறையான் புற்றில் முட்டையிட்டிருந்தாள். அவள் பதறியடித்து வந்தாள்.

"என்னங்க! புற்றுக்குள் தண்ணீர் ஊறுகிறது! இருபத்திரண்டு முட்டை! சீக்கிரம் வண்டியைக் கொண்டுவாருங்கள்!"

உடையப்பன் வண்டியிடம் ஓடினார். அது கல்லின்மேல் மாலையோடு நின்றது. தள்ளிப் பார்த்தார். முட்டிப் பார்த்தார். நார்தான் கையோடு வந்தது. ஒவ்வொரு முட்டையாகக் கவ்விக்கொண்டு போகலாம் என்றால், மேட்டுக்குப் போய்த் திரும்பவே அரை நாள் ஆகும்.

"முத்தக்கா! ஏதாவது செய்!" என்று அலறினார்.

"வணக்கம் வைத்துப் பாருங்கள் தலைவரே. எழுந்து வந்தாலும் வரும்" என்றாள் முத்தக்காள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனம் கேட்கவில்லை. "மேல்துறையில் ஆறு அகன்று பரவுவதால் இன்னும் முழங்கால் தண்ணீர்தான். அக்கரைக்குப் போய் வண்டி கேளுங்கள். நான் போய்ப் புற்றுக்கு மண் அணை போடுகிறேன். ஓடுங்கள்!"

உடையப்பன் அக்கரைக்குப் போனார். புன்னைக்காட்டின் தலைவர் மருதப்பன் என்ற மரநாய். அவர் தன் காட்டு வண்டியின் முன்னால் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார். அந்த வண்டியிலும் ஒரு பலகை தொங்கியது. 'அப்பழுக்கில்லாத புன்னைக்காட்டு வண்டி!'

"தலைவரே, என் முட்டைகள் முழுகப் போகின்றன. வண்டி வேண்டும்!" என்று கெஞ்சினார் உடையப்பன்.

மருதப்பன் மீசையை முறுக்கினார். "தரலாம். முதலில் பலகையைப் படி. இது முழுக்க முழுக்க எங்கள் வண்டி. இதில் அந்நியச் சாமான் ஒன்று, ஒரே ஒன்று, இருந்தால் காட்டு பார்க்கலாம்! இருந்தால் இப்போதே பிடுங்கி எறிந்துவிடுகிறேன்!"

உடையப்பனின் கண் சக்கரத்தின் நடுவே போனது. முத்தக்காள் செதுக்கிய கடையாணி! அவள் கைவேலை அவருக்குத் தெரியாதா? 'அது எங்கள் ஆணி' என்ற சொல் நுனிநாக்குவரை வந்துவிட்டது. சொன்னால் இந்த முட்டாள் நிச்சயம் பிடுங்கி எறிவான். பிடுங்கினால் வண்டி நின்றுவிடும். அந்த முட்டாளை அவருக்கு நன்றாகவே தெரியும். தினமும் குளத்துத் தண்ணீரில் பார்த்த முகம்தான்.

சொல்லை விழுங்கினார். "ஒன்றுகூட இல்லை தலைவரே! உங்கள் வண்டி முழுக்க முழுக்க உங்கள் வண்டிதான்!" என்றார். கசந்தது.

"அப்படிச் சொல்!" என்று குளிர்ந்துபோனார் மருதப்பன். "ஓட்டிக்கொண்டு போ!"

வண்டி மேல்துறை வழியாகத் தடதடவென்று வந்தது. முத்தக்காள் போட்ட மண் அணையின் ஒரு பக்கம் அதற்குள் உடைந்திருந்தது. அவள் முட்களெல்லாம் சேறு அப்பி, உடைந்த இடத்தில் தன் முதுகைக் கொடுத்துத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தாள். உலகம்மை முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வைக்கோலில் பொதிந்து பாறைமேட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மேட்டில் உலகம்மை எண்ணினாள். பதினேழு. மறுபடியும் எண்ணினாள். பதினேழுதான். ஐந்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவள் உடையப்பனைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மழை விட்டதும் அவர் முத்தக்காளிடம் போய் நின்றார்.

"முத்தக்கா, நம் வண்டியை மறுபடி பூட்ட வேண்டும்."

"பூட்டிவிடலாம். எந்தக் காட்டுச் சக்கரமாக இருக்க வேண்டும் தலைவரே?"

"உருளுகிற சக்கரமாக" என்றார் உடையப்பன், தலையை நிமிர்த்தாமல்.

ஓடுகிற வண்டியை நிறுத்தி அதன் ஒவ்வோர் ஆணியிடமும் பூர்வீகம் விசாரிப்பவன், ஆபத்து வரும் நாளில் அடுத்தவன் வண்டிக்குக் கையேந்தி நிற்பான்.