பவளக்கொடியின் கட்டிக்கு மூலிகை டீ

மூக்கணாம்பட்டியில் அறிவாளிகளே இல்லை என்று யாராவது சொன்னால் மாசிலாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவன் வீட்டிலேயே மூன்று பேர் இருக்கிறார்களே! அவன், அவன் தம்பிகள் தேசிங்கு, குப்புமுத்து. மூவரும் கூடிப் பேசாமல் அந்த வீட்டில் துணிகூடக் காயாது.

மாசிலாமணியின் மனைவி பவளக்கொடிக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா. "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. வெட்டி எடுத்துட்டா பொழைச்சுக்குவீங்க. தள்ளிப்போட்டா பரவிடும்" என்று புதன்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார்.

மாசிலாமணி ஆடிப்போனான். பெண்டாட்டிமேல் அவனுக்கு உயிர். கூடவே கொஞ்சம் புத்தியும் இருந்திருக்கலாம்.

தேசிங்குதான் செல்போனில் அந்த ஆசாமியைக் கண்டுபிடித்தான். மூலிகை மாமன்னர் தணிகையொளி! கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், என் டீயைக் குடித்தால் எந்தப் புற்றும் பறந்துவிடும் என்று வீடியோவில் முழங்கினார். தனக்குப் பல்வலி வந்தால் பட்டணத்து டாக்டரிடம் ஓடுகிறவர்தான் அவர். அதை மட்டும் வீடியோவில் சொல்வதில்லை.

பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரித்தால் மழையில் நனைந்த வைக்கோல் நாற்றம். மாமன்னர் போனிலேயே விதிகளைச் சொன்னார்: "மூணு பங்கு தண்ணி ஒரு பங்கா ஆகணும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. முக்கியமா, டீ இருக்கிற வீட்டுல சந்தேகப்படுற ஆள் இருக்கவே கூடாது!"

குப்புமுத்து அடுப்பில் வைத்தான். கொதி வந்ததும் இரண்டு பங்கைச் சாக்கடையில் கொட்டினான். "இப்ப ஒரு பங்குதானே?" என்றான். கேஸ் மிச்சமென்று அண்ணன்மார் மெச்சிக்கொண்டார்கள்.

பவளக்கொடி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். "இந்தக் கண்றாவியக் குடிச்சா கட்டி போகும்னு எவன் சொன்னான்? எனக்கு நம்பிக்கையில்ல."

மூவரும் உடனே ஒரு மூலையில் கூடினார்கள்.

"அண்ணே, மதினி சந்தேகப்படுறாங்க" என்றான் தேசிங்கு.

"ஆமாடா. வாய்விட்டே சொல்லிட்டா."

"அப்ப மதினி வீட்டுல இருக்கக் கூடாதே!"

"நோயாளியே அவதானேடா?" என்று மாசிலாமணி இழுத்தான்.

"நோயாளி இருக்கணும்னு அவர் சொல்லவே இல்லையே அண்ணே!"

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவிமுன் போய் நின்றான். "பவளம், ஒன்னயக் காப்பாத்தத்தான் சொல்றேன். கொஞ்ச நாளைக்கு வெளிய போயிரு."

அன்று செவ்வாய்க்கிழமை. ஆபரேஷனுக்காக முன்பே கட்டி வைத்திருந்த பையைப் பவளக்கொடி எடுத்தாள். தங்கச்சியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டிலோ வேளை தவறக் கூடாதே! மதினிக்குப் பதிலாக மூவரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். பிறகு கக்கூஸ் வாசலில் வரிசையாக நின்றார்கள். மதினியின் விஷமெல்லாம் வெளியேறுகிறது என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கொழுந்தியாள் போன் செய்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள் என்றாள். மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதான். அழுது முடித்துவிட்டு, மிச்ச டீயை என்ன செய்வது என்று மாமன்னரிடம் கேட்டான்.

இன்னொரு பொட்டலம் விற்காமல் போகிறதே என்ற கவலை அவருக்கு. "எடுத்தா என்னய்யா? கட்டின்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் டீயை நிறுத்தவே கூடாது!" என்று அதட்டினார்.

மறுநாள் பவளக்கொடி கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு நர்ஸைப் பார்த்து, "கட்டி எங்கம்மா இருக்கு?" என்றான்.

"லேபுக்குப் போயிருக்கு."

அண்ணன் தம்பி மூவரும் டீ பிளாஸ்க்கோடு லேப் ஜன்னலில் போய் நின்றார்கள்.

"பவளக்கொடியோட கட்டியா? ஜாடியில பத்திரமா இருக்கு. ரிசல்ட் வர நாளாகும்" என்றார் லேப்காரர்.

"ரிசல்ட் மெதுவா வரட்டும் சார்" என்று மாசிலாமணி டம்ளரில் டீயை ஊற்றி ஆற்றத் தொடங்கினான். "ஜாடி மூடிய மட்டும் தொறந்து விடுங்க. பாவம், நேத்துலருந்து அது ஒரு வாய்கூடக் குடிக்கல."