சிட்டுவுக்கு ஒரு நெஞ்சுச்சட்டை

நாய்க் கதைன்னு சொன்னதும் மூஞ்சியை எப்படி வச்சிருக்கீங்க பாருங்க. ஒரு நாய். ரொம்ப விசுவாசம். எசமானுக்காக உசுரையே விட்டுரும். எசமான் மழையில நின்னு அழுவாரு. நீங்களும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்னு கர்ச்சீப்பை எடுத்து மடியில வச்சாச்சு. அதானே?

கர்ச்சீப்பை உள்ள வைங்க. இந்தக் கதையில நாய் மொதல்லயே செத்துப்போச்சு. மழையும் கெடையாது.

ஒரு காலத்துல, ஒரு கரிசக்காட்டு நடுவுல ஒரு மோட்டார் ரூம் இருந்துச்சு. சுத்தியும் மாடக்கண்ணுங்கிறவரோட மக்காச்சோளம். மக்காச்சோளம் போட்டா காட்டுப்பன்னி வரும். பன்னி வந்தா வெரட்ட நாய் வேணும். அப்படி வளத்த நாய்தான் வீரி. போன மாசம் ஒரு சாயந்திரம் பன்னியைத் தொரத்திக்கிட்டு சோளத்துக்குள்ள போனா. திரும்ப வரும்போது ஒரு கோணிச்சாக்குல வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க.

பன்னியோட கோரப்பல்லு நெஞ்சைக் கிழிச்சிருச்சுன்னு மாடக்கண்ணு சொன்னாரு. ஊரும் அதையே சொல்லுச்சு. வீரிக்கு மாலை போட்டுப் பொதைச்சாங்க. கூடப் போயிருந்த நாட்டுத் துப்பாக்கிக்கும் ஒரு மாலை போட்டாங்க. அது போட்ட சத்தத்துலதான் பன்னி ஓடுச்சாம்.

இப்ப வீரியோட எடத்துல சிட்டு. ஒரு வயசு. ஒடம்பு மொத்தமும் கறுப்பு. இன்னிக்குச் சாயந்திரம் மொத தடவையா சோளத்துக்குள்ள எறங்கப்போறா. வீரிக்கு நடந்தது இவளுக்கும் நடந்துரக் கூடாதுன்னு நெஞ்சுச்சட்டை எடுக்க முடிவு பண்ணாங்க. மாடக்கண்ணு ஒரு தோல் சட்டை வாங்கிட்டு வந்தாரு. அவரு சம்சாரம் தங்கபுஷ்பம் இன்னொண்ணு வாங்கிட்டு வந்தா. அது ஆரஞ்சுக் கலரு. பாத்தா கண்ணு கூசும்.

"ஏட்டி, இது என்ன கலரு? சிட்டு பன்னி வெரட்டப் போறாளா, பரிசம் போடப் போறாளா?"

"கடைக்காரர்தான் சொன்னாரு. எம்புட்டு தூரத்துல போனாலும் பளிச்சுனு தெரியுமாம்."

"யாருக்குத் தெரியணும்?"

தங்கபுஷ்பம் வாயைத் தெறந்தா. புருசன் மூஞ்சியைப் பாத்தா. "அடுப்புல சோறு கெடக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

மாடக்கண்ணு ரெண்டு சட்டையையும் மோட்டார் ரூம்ல போட்டாரு. தையல் மெசின் டப்பாவுல இருந்த அளவு டேப்பையும் பக்கத்துல வச்சாரு. சாப்பிட்டுட்டு வந்து அளந்து மாட்டிக்கலாம்னு அவரும் கெளம்பிட்டாரு.

ஆள் போனதும் மோட்டார் ரூம்ல பேச்சு ஆரம்பிச்சுச்சு.

சுவத்துல சாஞ்சிருந்த துப்பாக்கிதான் தொண்டையைக் கனைச்சுச்சு. அங்க எல்லாருக்கும் அது பெரியண்ணாச்சி.

"க்ஹூம். இன்னிக்கு நாம கூடியிருக்கிறது எதுக்குன்னா, நம்ம சிட்டுவோட உசுரைக் காப்பாத்துறதுக்கு. எனக்கு வேற எந்த நோக்கமும் இல்ல."

"உங்களுக்கு இருக்குன்னு யாரும் சொல்லலையே அண்ணாச்சி"ன்னுச்சு டேப்பு. அது வீட்டுக்குள்ளயே வளந்தது. காட்டு வெவகாரம் எதுவும் தெரியாது. நேரா அங்க படுத்திருந்த சிட்டுகிட்ட போய் முன்னங்காலுக்குப் பின்னால ஒரு சுத்து சுத்துச்சு. "இருபத்தாறு இஞ்சு. ரெண்டு விரல் நொழையிற மாதிரி லூசு விடணும். இல்லைன்னா ஓடும்போது மூச்சு முட்டும். சரி, மொதல்ல யாரு?"

தோல் சட்டை தொம்முனு முன்னால வந்து விழுந்துச்சு.

"என்னைக் குத்திப் பாரு. கோணூசி ஒடைஞ்சிரும். பன்னி மோதினா பன்னிக்குத்தான் பல்லு வலிக்கும். நெஞ்சுக்கு நான் பொறுப்பு."

"முதுகுக்கு?"

"முதுகுல வாரு இருக்குல்ல, ரெண்டு."

"ரெண்டு வாருக்கும் நடுவுல?"

"நடுவுல காத்துதான். முதுகுல என்னத்தைப் போய்..." தோல் சட்டை சிரிச்சுச்சு. கூடச் சேந்து சிரிக்க யாரும் வரலை.

டேப்பு ஆரஞ்சு பக்கம் திரும்புச்சு. அது பாவம், கலரை நெனச்சே கூனிக்குறுகி மூலையில கெடந்துச்சு.

"நான் தோலண்ணன் அளவுக்குத் தாங்க மாட்டேன்"ன்னு மெதுவா சொல்லுச்சு. "நெஞ்சுல கெட்டித்துணி ரெண்டு மடிப்பு இருக்கு. முதுகையும் சேத்து மூடுவேன். ஆனா என்னோட வேலை அது இல்ல. பளிச்சுனு தெரியிறதுதான் என் வேலை."

"யாருக்குத் தெரியிறது?" துப்பாக்கி வெடுக்குனு கேட்டுச்சு.

"கூட வர்றவங்களுக்கு."

ஆணியில தொங்குன டார்ச்சு லைட்டு ஒரு ஆட்டம் ஆடி நின்னுச்சு. சிட்டு படுத்திருந்த கோணிச்சாக்கு இன்னும் ஒரு மடிப்பு உள்ள மடிஞ்சுக்கிச்சு.

"கூட வர்றவங்களுக்குக் கண்ணு இல்லையா?"ன்னுச்சு துப்பாக்கி. "என்னைப் பாத்தா குருடன் மாதிரி இருக்கா ஒனக்கு?"

"ஐயோ, உங்களைச் சொல்லலை அண்ணாச்சி. நான் இன்னிக்குத்தான் இங்க வந்தேன்."

"வேற யாரைச் சொன்ன? கூட வர்றது நான்தானே? மூணு தலைமுறையா இந்த வீட்டுல இருக்கேன். மாலை போட்டிருக்காங்கய்யா எனக்கு. நேத்து வந்த துணி என்னைப் பாத்துக் கை நீட்டுது."

"கை எல்லாம் எனக்கு இல்லைங்க"ன்னுச்சு ஆரஞ்சு. "ரெண்டு ஓட்டைதான் இருக்கு. அதுவும் சிட்டு கால் விடுறதுக்கு."

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. டேப்பு குறுக்க புகுந்துச்சு.

"சண்டை வேண்டாம். இது ரொம்பச் சின்னக் கணக்கு. வீரிக்கு எந்த எடத்துல பட்டுச்சோ, அந்த எடத்துல கெட்டியா இருக்கிற சட்டையை எடுப்போம். எங்க பட்டுச்சு?"

"நெஞ்சுல." துப்பாக்கிகிட்ட இருந்து பதில் உடனே வந்துச்சு.

"பாத்தது யாரு?"

துப்பாக்கியோட வாய் மெல்லத் திரும்பி டார்ச்சைப் பாத்துச்சு.

அன்னிக்கு இருட்டுற நேரத்துல சோளத்துக்குள்ள வீரியைத் தேடுனது டார்ச்சுதான். கண்டுபிடிச்சதும் அதுதான். மாடக்கண்ணு கையில இருந்தபடி அது ரொம்ப நேரம் ஒரே எடத்துல வெளிச்சம் அடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த எடத்தை மறக்கணும்னு அதுவும் ஒரு மாசமா பாக்குது.

"பேட்டரி வீக்கா இருந்துச்சு"ன்னுச்சு டார்ச்சு.

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லு."

"நெஞ்சு மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரின்னா?"

"நெஞ்சுதான். நெஞ்சுன்னு எழுதிக்க."

டேப்பு சாக்குகிட்ட போச்சு. "நீதானே தூக்கிட்டு வந்த? கறை எந்தப் பக்கம் ஊறுச்சு? அவளை எப்படிப் படுக்க வச்சிருந்தாங்க?"

"தொவைச்சாச்சு"ன்னுச்சு சாக்கு.

"அதைக் கேக்கலை."

"மூணு தண்ணி மாத்தித் தொவைச்சாச்சு. இப்பச் சுத்தமா இருக்கேன். பாரு, சிட்டுவே என் மேலதான் படுத்திருக்கா. வேற என்ன வேணும் ஒனக்கு?"

அந்த நேரம் பாத்துத் துப்பாக்கி குரலைத் தாழ்த்திச் சொல்லுச்சு.

"வீரி எனக்குப் பொண்ணு மாதிரி. அன்னிக்கு நானும்தான் அழுதேன்."

அழுதியான்னு அதை யாரும் கேக்கவே இல்ல.

சிட்டு எந்திரிச்சு வந்து டார்ச்சுக்குக் கீழ நின்னா. அவளுக்கு அங்க ரொம்பப் பிடிச்சது டார்ச்சைத்தான். குட்டியா இருக்கும்போது அதோட வெளிச்சத்தைத் தரையில தொரத்தி வெளையாடியிருக்கா.

"டார்ச் அண்ணே, நீங்க சொன்னா சரியா இருக்கும். வீரி அக்காவைக் கொன்னது இந்தத் தோலைத் தாண்டி வராதுல்ல?"

டார்ச்சு கீழ பாத்துச்சு. வாலை ஆட்டிக்கிட்டு அண்ணாந்து நிக்கிறா. பதில் எதுவா இருந்தாலும் நம்பிருவா. அது அந்த மூஞ்சியிலயே தெரியுது.

"தாண்டாது"ன்னு சொல்லிட்டு, டார்ச்சு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிச்சு.

சிட்டு சந்தோசமா மறுபடியும் சாக்குல போய் விழுந்தா. அவ வால் சாக்கு மேல பட்டு பட்டுனு அடிச்சுச்சு. மெதுவாத்தான் அடிச்சா. சாக்கு ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கிச்சு.

"அப்ப முடிஞ்சுதா?" துப்பாக்கி நிமுந்துச்சு. "தோல் சட்டைக்குச் சம்மதிக்கிறவங்க?"

"சம்மதம்"னுச்சு தோல் சட்டை.

"ம்"னுச்சு டார்ச்சு, சுவரைப் பாத்தபடியே.

சாக்கு ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லாததைத் துப்பாக்கி சம்மதம்னு எடுத்துக்கிச்சு.

"எனக்குக் கொஞ்சம் இடிக்குது"ன்னுச்சு டேப்பு. "ஆனா பாத்தவங்க நீங்க. நான் அளக்கத்தான் வந்தேன்."

ஆரஞ்சு யாரும் சொல்லாமலே தன்னைத் தானே நாலா மடிச்சுக்கிட்டு, கெளம்புற மாதிரி கதவோரம் போய் உக்காந்துச்சு.

சிட்டு தோல் சட்டைக்குள்ள தலையை விட்டா. முன்னங்காலை நொழைச்சா. நெஞ்சை நிமுத்திக் காட்டி, "எப்படி இருக்கேன்?"னு கேட்டா. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. அவளைப் பாத்து யாரும் சொல்லலை. தரையைப் பாத்துத்தான் சொன்னாங்க.

தோல் சட்டை முதுகு வாரை இழுத்து இறுக்குச்சு.

"ஏய்! ஏய் ஏய் ஏய்! யாருலே அது, என் கழுத்து மேல பெல்ட்டைப் போடுறது?"

சிட்டுவோட முதுகு மயிருக்குள்ள இருந்து ஒரு உண்ணி பிதுங்கிக்கிட்டு வெளிய வந்துச்சு. பச்சைப்பட்டாணி சைசு.

"சீ"ன்னுச்சு துப்பாக்கி. "ரத்தம் குடிக்கிற நாயே, ஒனக்கு இங்க என்ன வேலை?"

"நாய் அவங்க. நான் உண்ணி"ன்னுச்சு உண்ணி. "ரத்தம் குடிக்கிறேன், இல்லைங்கலை. நான் குடிச்சு இதுவரைக்கும் ஒரு நாயும் சாகலை அண்ணாச்சி. எதுக்கு இப்ப இந்த வண்டிமாட்டு வாரைப் போட்டு என்னை நசுக்குறீங்க? அதைச் சொல்லுங்க."

டேப்பு பொறுமையா சொல்லுச்சு. "பன்னிகிட்ட இருந்து காப்பாத்தத்தான். வீரிக்கு நெஞ்சுல பட்டுச்சுல்ல, அதான்."

"வீரிக்கா? நெஞ்சுலயா?" உண்ணி எல்லாரையும் ஒரு சுத்து பாத்துச்சு. "யாரு சொன்னா?"

"நீ வாயை மூடு"ன்னுச்சு துப்பாக்கி.

"அந்தச் சாக்கு வழியாத்தானே நான் சிட்டுகிட்டயே வந்தேன். அதுக்கு முன்னாடி பத்து நாளு வீரி முதுகுலதான் குடியிருந்தேன். அன்னிக்கும் அங்கதான் இருந்தேன்."

"டார்ச்சு, அந்தப் பயலைத் தட்டி விடு."

டார்ச்சு அசையலை.

"பன்னி அந்நேரம் ஓடையைத் தாண்டிப் போயாச்சு"ன்னுச்சு உண்ணி. "சோளத்துக்குள்ள கறுப்பா அசைஞ்சது வீரி ஒருத்திதான். பின்னால இருந்து நீதான் அவ முதுகுல சுட்ட, அண்ணாச்சி. இந்தப் பிள்ளையும் கறுப்புதானே, இன்னிக்கும் பின்னால வரப்போறது நீதானே, அந்த ஆரஞ்சை எதுக்குலே எல்லாருமாச் சேந்து மடிச்சு வச்சீங்க?"