சிரட்டையில் வைத்த இலை

எருமை எதுக்கு நரியை மூட்டை மேல ஏத்துச்சுன்னுதானே கேட்டீங்க? பாசத்துல இல்லை. சொல்றேன், கேளுங்க.

ஒரு காட்டுல உப்புக்குக் குறைவே இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுல ஒரு கல் உப்பு கிடையாது. அதனால எருமையும் செவலைக் காளையும் மாத்தி மாத்தி உப்பு வண்டி இழுத்துச்சுங்க.

போறதுக்கு ரெண்டு வழி. ஆத்தோரமா மலையைச் சுத்திப் போகலாம். தூரம் அதிகம், ஆனா சமதரை. இல்லைன்னா மலை ஏறி இறங்கலாம். தூரம் கம்மி, ஆனா இறக்கத்துல பாரவண்டி மாட்டையே முட்டித் தள்ளும். அதனால உச்சியில நின்னு, அங்கே கிடக்குற பெரிய மரக்கட்டை ஒண்ணை வண்டிக்குப் பின்னால கட்டிக்கிட்டுதான் இறங்குவாங்க. கட்டை தரையில உரசி வண்டியைப் பிடிச்சுக்கும்.

வண்டிக்கு முதலாளி நரி. "கட்டை இழுத்தா லேட்டாகுது. இனிமே வேணாம்"னு ஒரு நாள் சொல்லிடுச்சு.

போன மழைக்காலத்துல செவலை கட்டையில்லாம இறங்குச்சு. வளைவுல வண்டியோட பள்ளத்துக்குள்ள போயிடுச்சு. நரி வந்து எட்டிப் பார்த்துட்டு, "அடடா, அவ்வளவு உப்பும் போச்சே"ன்னுச்சு.

பக்கத்துல நின்ன எருமை அதைக் காதுல வாங்கிக்கிச்சு. அன்னையிலேர்ந்து அதுக்கு அசை போட வேற எதுவும் தேவைப்படலை.

இந்த மழைக்கு எருமையோட முறை வந்துச்சு.

"மலை வழியா போப்பா"ன்னுச்சு நரி.

"பாறையெல்லாம் வழுக்குது நரியாரே. சுத்துவழியில போறேன்."

"ஆபத்தை எடை போட்டுப் பார்த்துட்டுதாம்ப்பா சொல்றேன்." நரி அத்திமரத்தடியில தராசைத் தூக்கிக் காட்டுச்சு. தட்டுக்குப் பதிலா ரெண்டு தேங்காய்ச் சிரட்டை. ஒண்ணுல கல்லு, இன்னொண்ணுல ஒரு காஞ்ச இலை.

"கல்லு என்னங்க?"

"மிச்சமாகுற நேரம்."

"இலை?"

"அதான் ஆபத்து. கவிழ்ந்தா போறது நீ ஒருத்தன்தானே."

"ஆமாங்கய்யா"ன்னுச்சு பக்கத்துல நின்ன குரங்கு. நரி எதைச் சொன்னாலும் ஆமா போடுறதுதான் அதுக்கு வேலை.

எருமைக்குக் கொம்பு வரைக்கும் சூடு ஏறுச்சு. குரலை மட்டும் உசத்தலை. "இவ்வளவு லேசான ஆபத்துன்னா நீங்களும் மூட்டை மேல ஏறிக்குங்க. முதலாளியே உப்பு கொண்டுவந்தாருன்னு அந்தப் பக்கம் பெருமையா பேசுவாங்க."

"ஆமாங்கய்யா, ஏறுங்கய்யா"ன்னுச்சு குரங்கு. பழக்கதோஷம்.

சுத்தி நின்ன காடே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நரி என்ன செய்யும்? ஏறுச்சு.

உச்சியில பனி விலகுச்சு. கீழே பாறை இடுக்குல செவலையோட வண்டிச் சக்கரம் கிடந்துச்சு. எருமை இறக்கத்துல ஒரு காலை வெச்சுது.

"நில்லுப்பா. அந்தக் கட்டையைக் கட்டிக்கோ."

"லேட்டாகும்."

"ஆகட்டும்பா."

"நீங்கதானே வேணாம்னீங்க."

"அது அப்ப சொன்னதுப்பா..."

வண்டி ஒரு முழம் முன்னால நகர்ந்துச்சு. அவ்வளவுதான், நரி குதிச்சு, வந்த வழியே ஓட்டம் எடுத்துச்சு.

எருமை நிதானமா வண்டியைத் திருப்பி, பின்னால கட்டையைக் கட்டிக்கிட்டு வந்த பக்கமே இறங்கி வந்துச்சு. அத்திமரத்தடியில தராசு அப்படியே இருந்துச்சு. இலையைத்தான் காணோம். அந்த இடத்துல, சிரட்டை கொள்ளாத பாறாங்கல் ஒண்ணை நரி தூக்கி வெச்சிருந்துச்சு.

"இந்தக் கல்லு நீங்களா?"ன்னு கேட்டுச்சு எருமை.

"ஆமாங்கய்யா"ன்னுச்சு குரங்கு.

"செவலை போனப்ப இலை. நீ ஏறினதும் பாறாங்கல்"ன்னுச்சு எருமை.

நரி ஏதோ சொல்ல வந்துச்சு. அதுக்குள்ள ஆத்தோரத்துலேர்ந்து, முன்னால போய் வழி பார்க்குற மான் கூப்பிட்டுச்சு. "அண்ணே, சுத்துவழி நல்லா இருக்கு. கிளம்பலாம், வாங்க."

எருமை திரும்பிப் பார்க்காம வண்டியை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

நீதி: ஆபத்து கொஞ்சம்தான்னு சொல்றவங்களை முதல்ல வண்டியில ஏத்திப் பாருங்க.