மூன்று நாள் உட்காராத மன்னன்

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டை மகிபாலன் என்றொரு அரசன் ஆண்டான். சிரித்தால் விருந்து, முறைத்தால் சிறை, அப்படியொரு குணம். அவன் நின்றால் அவையில் யாரும் உட்காரக் கூடாது என்பது வழக்கம். ஒருமுறை மூன்று நாளாக அவன் அரியணைப் பக்கமே போகவில்லை. அவை முழுதும் கால் கடுக்க நின்றது.

காரணம் அரசனுக்குத்தான் தெரியும். ஆசனவாய் ஓரத்தில் ஒரு கட்டி, விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து காய்ச்சல் வேறு. நாடாளும் மன்னன் இதை எந்த வாயால் வைத்தியரிடம் சொல்வான், பாவம்! ரகசியமாக மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்து நின்றான்.

"நின்றபடியே ஆளும் நோன்பு! ஆகா!" என்று புகழ்ந்தார் அரண்மனை அதிகாரி வச்சிரநாதர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

அமைச்சர் இளங்குமணர் முன்னே வந்தார். "அரசே, எனக்கு விடுப்பு வேண்டும். ஆசனவாயில் சீழ்க்கட்டி" என்றார், கணீரென்று.

அவை கொல்லென்று சிரித்தது. "அந்த இடத்தில் கட்டி வந்தவர் அவைக்கே வரலாமா? பதவியைப் பறியுங்கள், அரசே!" என்றார் வச்சிரநாதர்.

அரசன் மட்டும் சிரிக்கவில்லை. "வைத்தியர் என்ன சொன்னார்? பற்றுப் போட்டால் அமுங்காதாமா?"

"அமுங்காதாம். பிதுக்கவும் கூடாதாம். அவர்தான் கீறிச் சீழை எடுக்க வேண்டுமாம். காய்ச்சலும் வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதாம், உயிருக்கே வினையாகுமாம். கத்தி என்றால் எனக்குப் பயம். தாங்கள் துணைக்கு வர வேண்டும்."

அரசன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "வாரும், இப்போதே போவோம்!"

வைத்தியர் வீட்டுக் கதவைத் தாழிட்டதும் அமைச்சர் கைகட்டி நின்றார். "மன்னியுங்கள், எனக்குக் கட்டி ஏதும் இல்லை. மூன்று நாளாகக் குதிரையில் ஏறாமல் திருப்பி அனுப்புகிறீர்கள். இந்த வெயிலில் நடுங்குகிறீர்கள். படுங்கள், அரசே."

அரசன் முறைத்தான். பிறகு முனகிக்கொண்டே கவிழ்ந்து படுத்தான். வைத்தியர் கீறினார். சீழ் வடிந்தது, வலி விட்டது, மறுநாளே காய்ச்சலும் இறங்கியது. அரசன் தினமும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார, புண் ஆறி வந்தது.

அடுத்த அவையில் அரசன் பஞ்சு மெத்தைமேல் மெல்ல அமர்ந்தான். "வச்சிரநாதரே, அந்த இடத்தில் கட்டி வந்தவன் அவைக்கு வரலாமா?"

"ஒருக்காலும் கூடாது, அரசே!"

"அப்படியானால் நான்தான் எழுந்து போக வேண்டும்."

வச்சிரநாதர் பதறிப்போய் அரசன் காலில் விழுந்தார்.

"நீரே ஊர் ஊராகப் போய் முரசறையும். 'அந்த இடத்தில் கட்டி வந்து உட்கார முடியவில்லையா? வெட்கப்படாமல் வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே போங்கள். எங்கள் மன்னருக்கும் வந்தது' என்று சொல்லும். கடைசி வார்த்தையை உரக்கச் சொல்லும்!"

பிறகு அமைச்சரைப் பார்த்தான். "உயிரைக் காத்தீர். இனி நான் நின்றாலும் நீர் உட்காரலாம்."

சொல்லிவிட்டு, சோதிக்கவோ என்னவோ, சட்டென்று எழுந்தான். அவை முழுதும் அடித்துப் பிடித்து எழுந்தது. இளங்குமணர் மட்டும் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.