அழாத ஈயம்

நெல்லையப்பன் ஆறு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, அமைதின்னா என்ன?”

குரு உலகம்மை ஒருநாளும் அதற்குப் பதில் சொன்னதில்லை. “பிள்ளைக சாப்ட்டாச்சா அண்ணாச்சி?” என்பார். ஆச்சு என்றால் எழுந்து போய்விடுவார். அவ்வளவுதான்.

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. அதனால்தான் அண்ணாச்சி.

ஊர்க்கோடியில் ஓடு போட்ட சின்ன மடம். தியானம் பழக வருகிற ஆட்களை விட மத்தியானம் சாப்பிட வருகிற பிள்ளைகள்தான் அதிகம். முப்பத்தோரு பிள்ளைகள். நெல்லையப்பன் ஞானம் தேடி வந்தவர். குரு அவரை அடுப்படியில் விட்டார். முதலில் அவருக்குக் கோபம். அப்புறம் அவர் வைத்த ரசத்தை ஊரே புகழ்ந்தது. கோபம் போய்விட்டது. யாராயிருந்தாலும் போயிருக்கும்.

ரசம் என்றால் ஈயப் பாத்திரத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எவர்சில்வரில் வைத்தால் அது புளித் தண்ணீர். மடத்தில் ஒரு பெரிய ஈயப் பானை இருந்தது. அதைத் தேய்க்கக்கூட வேறு யாரையும் விடமாட்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் நெல்லையப்பன் குருவிடம் சிரித்துக்கொண்டே வந்தார். இந்த முறை கேள்வி இல்லை. சேதி.

பிள்ளைகள் அடங்கிவிட்டார்களாம். முன்னால் பந்தியில் உட்கார்ந்தால் சந்தைக்கடை. இப்போது குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். ஆடியிலிருந்து ரசம் கொதிக்கும்போது நூற்றெட்டு தடவை மந்திரம் சொல்லி வருகிறாராம். அது வேலை செய்கிறதாம்.

“இசக்கியவே பாருங்களேன்” என்றார்.

இசக்கிக்கு ஏழு வயது. ஊரில் அவளிடம் கடி வாங்காத பிள்ளை கிடையாது. ரசம் சுட்டால் தட்டையே தள்ளிவிடுவாள். நெல்லையப்பனை ‘மொட்டத் தாத்தா’ என்று கூப்பிடுவாள். இப்போது ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா செல்லக்கனி போன வாரம்தான் தேங்காய் பழத்தட்டோடு வந்து, என் பிள்ளையை அடக்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று நெல்லையப்பனைக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள்.

குரு எழுந்து போய் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னட்டி, சோறு எறங்கலையா?”

“வயிறு வலிக்கி.”

“எத்தன நாளா?”

இசக்கிக்குத் தெரியவில்லை. குரு தரையில் சிந்தியிருந்த தண்ணீரைக் காட்டி, உன் பெயரை எழுது என்றார். அவள் ‘இ’ போட்டாள். ‘ச’ போட்டாள். விரல் நின்றுவிட்டது. ரெண்டு வருஷமாக மடத்துச் சுவர் முழுக்கக் கரியால் தன் பெயரைக் கிறுக்கி வைத்த பிள்ளை அது.

நெல்லையப்பன் மெதுவாகச் சொன்னார். “அடங்கின பிள்ளை. கொஞ்சம் நிதானமாத்தான் எழுதும்.”

குரு செல்லக்கனியைக் கூப்பிட்டனுப்பி, பிள்ளையோடு அப்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து நர்சம்மா மடத்துக்கு வந்தார். இசக்கியின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்குமாம். அதே தெருவில் இன்னும் நாலு பிள்ளைகளுக்குப் பார்த்ததில் நாலு பேருக்கும் இருக்கிறதாம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் மருந்து கொடுத்தும் பிரயோசனம் இல்லை, நாள் போகப் போகக் கெட்டது திரும்பாது என்றார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை அவர்.

நெல்லையப்பன் சத்தமாகச் சிரித்தார். ஈயம் விஷம் என்றால் தலைமுறை தலைமுறையாக ரசம் குடித்த நாம் எல்லாரும் செத்திருக்க வேண்டாமா என்று கேட்டார். அப்புறம் வரிசையாகச் சொன்னார். பழைய பேட்டரி உடைக்கிற சந்து இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள். சுவரில் பெயிண்டு உரிகிறது, அதைப் பாருங்கள். பிள்ளைகள் கண்ணுக்கு என்னென்னவோ மை வைக்கிறார்கள். பெட்டிக்கடையில் கலர் கலராக மிட்டாய் விற்கிறார்கள்.

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. எல்லாமே பார்க்க வேண்டிய இடம்தான். ஒரே ஒரு இடத்தை விட்டுவிட்டார்.

“அந்த அஞ்சு பிள்ளையும் எங்க சாப்பிடுது?” என்று நர்சம்மா கேட்டார்.

நெல்லையப்பன் குருவைப் பார்த்தார். குரு ஏற்கெனவே அடுப்படிக்குள் போயிருந்தார்.

வரும்போது அவர் கையில் ரெண்டு பொருள் இருந்தது. ஒன்று ஈயப் பானை. இன்னொன்று அதன் மூடி. தேதி கிழிக்கிற காலண்டரில் ஒரு தாளை உருவித் திருப்பிப் போட்டார். மூடியின் ஓரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். தாள் அப்படியே வெள்ளையாக இருந்தது. பானையைச் சாய்த்து, அதன் விளிம்பை வைத்து இழுத்தார்.

பென்சில் கோடு மாதிரி கறுப்பாக விழுந்தது.

“காதக் குடுங்க அண்ணாச்சி.”

“எதுக்கும்மா?”

“கேளுங்க.”

மூடியை அவர் காதருகே பிடித்து ஓரத்தை வளைத்தார். கிறீச் கிறீச்சென்று சின்னதாக ஒரு சத்தம். யாரோ தூரத்தில் முனகுகிற மாதிரி. அப்புறம் பானையின் விளிம்பை அதே மாதிரி காதருகே வளைத்தார். பேசாமல் வளைந்து கொடுத்தது.

“நல்ல ஈயம் வளைச்சா அழும்” என்றார் குரு. “இது ஏன் அழல?”

நெல்லையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஆடி மாசம் ஒருநாள் அடுப்பில் ஈயப் பானையை வைத்தார். அதில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தீ போட வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவர் அவர். அன்றைக்கு தீயை முதலில் போட்டார். தண்ணீர் எடுக்கப் போவதற்குள் மனசு ஒருமாதிரி குவிந்து வந்ததாம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அமைதி கிட்டத்தில் வந்த மாதிரி இருந்ததாம். விட்டுவிடக் கூடாது என்று அங்கேயே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் திறந்தால் பானை உருகி அடுப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

குருவிடம் சொல்ல வெட்கம். கிடைத்ததை வழித்தெடுத்துப் பேட்டரிச் சந்தில் ஆவுடையப்பன் பட்டறைக்குப் போனார். உருக்கி வார்க்கிறவன் அவன். பாதி சாம்பலோடு போய்விட்டது, அளவு பத்தாது என்றான். ஈயம் போட்டு நிரப்பிக் கொடு என்றார் இவர். கொடுத்தான். மூடி மட்டும் பழையது.

இதை எல்லாம் சொல்லி முடித்தபோது நர்சம்மா பானையை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் எவர்சில்வரில் வையுங்கள், அதுவே போதும் என்றார்.

நெல்லையப்பன் குருவை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் மடத்த விட்டுப் போயிருதேன் அம்மா.”

“போங்க. அதுக்கு முன்ன முப்பத்தோரு வீடு இருக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் நீங்களே சொல்லணும். இந்த ரசத்தக் குடிச்ச ஒரு பிள்ளை பாக்கியில்லாம ரத்தம் பாக்கணும்.”

“நீங்களும் கூட வாங்களேன்.”

“பானைய நானா உருக்குனேன்?”

நெல்லையப்பன் முதலில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. ஆவுடையப்பன் பட்டறைக்குப் போனார். குற்றம் தன் ஒருத்தன் தலையில் மட்டும் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தெருவில் கால் வைக்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்கு விஷம் ஊற்றிக் கொடுத்தவனே என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். மந்திரம் சொன்ன வாய்தான்.

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவனுக்கும் கோபம் வந்தது.

“வே, நீரு என்ன கேட்டீரு? ஈயம் போடுன்னீரு. ஈயம்தான் போட்டேன். பேட்டரிக்குள்ள இருக்கதுக்கும் அதான பேரு. வெள்ளையா கருப்பான்னு நீரும் கேக்கல, நானும் கேக்கல.”

அது சரிதான். ரசப் பானைக்கு வெள்ளீயம், பேட்டரிக்குக் காரீயம்; ரெண்டு உலோகம், ஒரே பேர். நெல்லையப்பன் போகத் திரும்பினார். அப்போதுதான் அந்தக் குழந்தையைப் பார்த்தார்.

பட்டறை வாசலில், உடைத்த பேட்டரிக் கூடுகளுக்கு நடுவில் ஒரு சாக்கு விரிப்பு. அதில் ரெண்டு வயதுப் பெண் குழந்தை. ஆவுடையப்பன் மகள். விரல் வாயில் இருந்தது. விரலில் கறுப்பு. இவ்வளவு சண்டைக்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

நெல்லையப்பன் பார்ப்பதைப் பார்த்ததும் ஆவுடையப்பன் குரல் இறங்கிவிட்டது. எந்த அப்பனுக்கும் பிள்ளை பேச்சு என்றால் அப்படித்தான்.

“ரொம்ப அமைதி அண்ணாச்சி அது. அழவே அழாது. இங்கன உக்கார வச்சா சாயங்காலம் வரைக்கும் சத்தமே வராது.”

இதே மாதிரிதான் நெல்லையப்பன் பத்து நாள் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

கத்த வந்தவர் அதற்குமேல் கத்தவில்லை. மடத்திலிருந்து சாட்சிக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் காலண்டர் தாளை மடியிலிருந்து எடுத்தார். குழந்தையின் கையை மெதுவாகப் பிடித்து, விரலைத் தாளில் வைத்துத் தேய்த்தார். சாம்பல் நிறத்தில் தடம் விழுந்தது. பக்கத்திலேயே பானை போட்ட கோடு.

“ரெண்டும் ஒண்ணு ஆவுடையப்பா. இது இப்ப ஒம் பிள்ள வாயில இருக்கு.”

ஆவுடையப்பன் தாளைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். அடுப்புத் தீயைத் தண்ணீர் ஊற்றி அவித்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டான். அவன் சட்டையிலும் அதே தூசி என்று நெல்லையப்பன் சொல்ல, குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுக் குளித்து வேறு சட்டை போட்டு வந்தான். ரெண்டு பேருமாகப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள்.

மறுநாள் நெல்லையப்பன் முப்பத்தோரு வீட்டுக்கும் போனார். ஒரு வீட்டைக்கூட விடவில்லை. மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் செம்புத் தண்ணீர் முகத்தில் வந்து விழுந்தது. எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார். நான் பானையை உருக்கினேன், மறைத்தேன், விஷப் பானையில் ரசம் வைத்தேன், பிள்ளையை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மந்திரத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், அது சும்மா என்றார்.

செல்லக்கனி வீடு கடைசி. அவள் திட்டவில்லை.

“எம் பிள்ள அடங்கிட்டாளேன்னு ஒங்களக் கும்பிட்டேனே அண்ணாச்சி. அப்பவும் ஒங்களுக்குத் தோணலையா?”

“தோணல. பெருமையா இருந்துச்சு.”

செல்லக்கனி உள்ளே போய்விட்டாள்.

மடத்துக்குத் திரும்பி வந்தவர் தன் துணிமணியை மூட்டை கட்டினார். குரு வாசலில் நின்றிருந்தார். முப்பத்தொன்றும் ஆச்சு என்றார் நெல்லையப்பன். கிளம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

“நாளைக்குப் பிள்ளைக வந்தா யாரு சமைப்பா?”

“இனிமே யாரும்மா வருவா?”

“வந்தா?”

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். நர்சம்மா எல்லார் வீட்டிலும் சொல்லியிருந்தார். பால், முட்டை, கீரை, கடலை, இரும்புச் சத்து மாத்திரை. வெறும் வயிற்றோடு பிள்ளையை விடக் கூடாது. அதனால் சமையல் இன்னும் கூடிப்போனது. நெல்லையப்பன் மூட்டையை அவிழ்க்கவே இல்லை. அவிழ்க்க நேரமில்லை. ஒவ்வொருநாளும் பிள்ளைகள் சாப்பிடும் முன் கையைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தார். தியானத்துக்கு உட்காரவில்லை. அமைதி பற்றிக் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் பட்டறையை ஊருக்கு வெளியே பொட்டலுக்கு மாற்றினான். சந்தில் மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். அவன் அந்தக் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கிப்போய் வீடு வீடாகப் பிள்ளைகளின் விரலைத் தேய்த்துக் காட்டினான். தைக்குள் நாலு பட்டறை காலி.

இசக்கி நாலு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அளவு இறங்கியது. மாசியில் ஒருநாள் மடத்துச் சுவரில் புதுசாகக் கரிக்கோடு தெரிந்தது. ‘இசக்கி’. முழுசாக இருந்தது. நெல்லையப்பன் அதைத் துடைக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம். பந்தி நிறைந்திருந்தது. நெல்லையப்பன் எவர்சில்வர் வாளியில் ரசம் கொண்டுவந்து ஊற்றினார். இசக்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“ஏ மொட்டத் தாத்தா, இது என்ன ரசம்? சப்புன்னு இருக்கு” என்று கத்தித் தட்டைத் தள்ளினாள். பக்கத்துப் பிள்ளை மடியில் ரசம் கொட்டி அது ஓலமிட்டது. இன்னொன்று சிரித்தது. ஒன்று அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட, பின்னாலேயே நாலு பேர் ஓடினார்கள். ஆவுடையப்பன் மகள் அவன் இடுப்பில் இருந்துகொண்டு, கீழே விடச் சொல்லி வீறிட்டு அழுதாள். ஓடு பறந்துவிடும்போல ஒரே கூச்சல்.

நெல்லையப்பன் வாளியோடு நடுவில் நின்றார். கண்ணில் தண்ணீர். ரசத்தைக் குறை சொன்னதற்காக இல்லை.

குரு தூணோரம் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, அமைதின்னா என்னன்னு ஆறு வருஷமா கேட்டீங்களே.”

நெல்லையப்பன் திரும்பினார்.

“கேக்குதா?” என்றார் குரு.