குருவிமேட்டு மேய்ச்சல் வெளிக்குச் சொந்தக்காரர்

ஆறுகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலத்தில், மருதநாடு என்றொரு நாட்டை இளங்கீரன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் அவருக்கு ஒன்று தோன்றிவிட்டால் அவ்வளவுதான். அரண்மனை யானைகள் எல்லாம் வடக்கே பார்த்துத்தான் தூங்க வேண்டும் என்று ஒருமுறை உத்தரவு போட்டுவிட்டார். பாவம், பாகன்கள் பட்ட பாடு!

அந்த ராஜாவிடம் மகரபூஷணர் என்று ஒரு மந்திரி. அவருடைய பூந்தோட்டத்துக்கு ஆள் உயர மதில், பன்னிரண்டு வேலையாட்கள். தோட்டத்தை ஒட்டியே குருவிமேட்டு ஊரின் மேய்ச்சல் வெளி. வேலி கிடையாது, கதவு கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மந்திரிக்கு வயிறு எரியும்.

ஒருநாள் சபையில் மெல்ல ஆரம்பித்தார். "மகாராஜா, அந்த வெளி ஆளில்லாமல் கிடக்கிறது. எல்லாருக்கும் பொது என்றால் யாருக்கு அக்கறை? என்னிடம் கொடுங்கள். மதிலை நீட்டி, உங்கள் பெயரிலேயே ஒரு நந்தவனம் போட்டுவிடுகிறேன்."

"என் பெயரிலா?" ராஜாவின் முகம் மலர்ந்தது. "எடுத்துக்கொள்ளுங்கள்!"

சபை ஓரத்தில் வேறொரு மனுவோடு நின்றிருந்தாள் சிலம்பாயி. அந்த வெளிக்கு ஊர் வைத்த காவல்காரி. அவள் முன்னால் ஓடிவந்தாள்.

"மகாராசா, முந்நூறு ஆடுமாடு அதை நம்பித்தான் இருக்கு. அது போயிட்டா எல்லாத்தையும் வித்துட்டு ஊரே பஞ்சம் பிழைக்கப் போகணும்."

ராஜாவுக்குச் சங்கடமாகிவிட்டது. கொடுத்த வாக்கையும் விடமுடியாது. "சரி, பொழுது சாய்வதற்குள் அந்த வெளிக்கு உரியவர் யாரென்று எனக்குக் காட்டு. காட்டினால் உங்களுக்கு, இல்லையென்றால் இவருக்கு."

சிலம்பாயி கொஞ்சம் யோசித்தாள். "காட்டுறேன் சாமி. நான் ஊருக்குப் போய் யாருக்கும் சொல்லி வெச்சேன்னு ஆகக்கூடாது. இப்பவே கிளம்பலாம். மகாராசாவும் மந்திரியும் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கிட்டு, வாசல்ல கட்டியிருக்கிற என் ஆட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வரணும். ஒண்ணே ஒண்ணு, மந்திரி அய்யா வாயைத் திறக்கக்கூடாது."

"இது பேஷான விளையாட்டு!" என்று எழுந்தே விட்டார் ராஜா.

முதலில் மந்திரியின் தோட்டம். வாசலில் இருந்த ஆள் கம்பளிக்காரர்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆடு நேராக மல்லிகைப் பாத்திக்குள் இறங்கியது. தண்ணீர் ஊற்றுகிறவன் ஒதுங்கிப் போனான். களை எடுக்கிறவன் கொட்டாவி விட்டான்.

"அப்பா, ஆடு மேயுதே, விரட்டலையா?" என்று ராஜாவே கேட்டார்.

"எனக்குக் களை எடுக்கிற வேலை. ஆட்டுக்கு வேற ஆளு."

"அந்த ஆள் எங்கே?"

"யாருக்குத் தெரியும்? கீழே விழுந்த ஒரு பூவை எடுத்ததுக்கு என் பொண்டாட்டியை வாசல்ல நிக்க வெச்சாரு மந்திரி. அவரு பூ, அவரே பார்த்துக்கட்டும். நீ மேய விடுய்யா."

மந்திரி கம்பளியைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பாத்தி காலி.

அடுத்து மேய்ச்சல் வெளி. குருவிமேட்டார் வெளியை மூன்றாகப் பிரித்து, முறை வைத்து ஒரு பங்கை ஓய விடுவார்கள். புல் விதை உதிர்க்கும்வரை அதில் ஒரு வாயும் படக்கூடாது. அடையாளத்துக்கு நாலு மூலையிலும் குச்சி நட்டு வைக்கோல் பிரி கட்டியிருக்கும்.

"ஓய்வுப் பங்குல ஆட்டை விடுங்க சாமி. நான் பனைகளுக்குப் பின்னால நிக்கிறேன். நான் தடுத்தா காவல்காரி தடுத்தான்னு ஆயிடும்" என்று சிலம்பாயி மறைந்துகொண்டாள்.

ஆடு நாலு வாய்தான் கடித்திருக்கும். பனைமேலிருந்து ஒரு குரல்: "யோவ் கம்பளி! வைக்கோல் பிரி கண்ணுக்குத் தெரியலையா? இறங்கி வந்தேன்னா தெரியும்!" கள் இறக்குகிறவன்.

"இது உன் நிலமா?" என்றார் ராஜா.

"என் நிலந்தான்யா!"

துணி மூட்டையோடு போன வண்ணார் கழுதையை நிறுத்திவிட்டு ஓடிவந்து ஆட்டின் காதைப் பிடித்தார். "எங்க நிலத்துல ஏன்யா விடுறே? அந்தப் பக்கம் மேய விடு, யாரு வேணாம்னா?"

ராஜாவின் கையிலிருந்து கயிறு நழுவ, ஆடு ஓடியது. அரண்மனைப் பழக்கத்தில் "ஆடே, திரும்பி வருக!" என்று கட்டளையிட்டார். வண்ணார் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு பெத்த பிள்ளையோ, ஆட்டுப் பாஷை தெரியாத ஆளு."

கடைசியாகக் கோலூன்றி வந்தாள் ஊர்க் கிழவி மாரக்கா. "தம்பி, ஆட்டை வெளியே ஓட்டுப்பா."

"உங்களுக்கு எத்தனை ஆடும்மா?"

"ஒரு கோழிகூட இல்லை."

"பின்னே உங்களுக்கென்ன?"

"என் கூரை இந்தப் புல்லுதான். பக்கத்து வீட்டுப் பசு இங்க மேய்ஞ்சாத்தான் எனக்கு மோரு. புருசன் போன பிறகு என்னை உயிரோட வெச்சிருக்கிறது இந்த நிலம். இது என்னுது தம்பி."

ராஜா தானே குனிந்து ஆட்டைத் தூக்கி வெளியே விட்டார். பிறகு கம்பளியை எடுத்தார். மாரக்கா கும்பிட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

"மந்திரியாரே, இனி வாயைத் திறக்கலாம்."

"மகாராஜா... என் மல்லிகை..."

"மதில் கட்டிப் பன்னிரண்டு பேரை வைத்தீர். உமது தோட்டத்துக்கு உம்மைத் தவிர நாதியில்லை. இங்கே நான் ஒரு சொந்தக்காரரைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வெளி ஊருக்கே. நீர் இந்த ஒரு மாதம் சிலம்பாயிக்குக் கீழே இங்கே காவல் இரும்."

சிலம்பாயிக்கு முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை. "அரண்மனைக் குதிரையும் இனி ஓய்வுப் பங்குக்குள்ள வராம இருந்தாப் போதும் சாமி. அந்த மனுவோடதான் காலையில சபைக்கே வந்தேன்."

ராஜா வெட்கத்தோடு சிரித்தார். "என் குதிரைகளா? இனி வராது."

ராஜா போனார். கள் இறக்குகிறவனும் வண்ணாரும் கதை பேசிக்கொண்டே போனார்கள். மாரக்காவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு சிலம்பாயி புறப்பட்டபோது, மந்திரி தாழ்ந்த குரலில் கேட்டார். "அம்மா, என் தோட்டத்துக்கும் இப்படி யாராவது ஓடிவருவார்களா?"

"அந்தக் களை எடுக்கிறவர் பொண்டாட்டிக்கு முதல்ல ஒரு முழம் பூ குடுங்க அய்யா. அப்புறம் பார்க்கலாம்."

மந்திரி கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, களை எடுக்கிறவன் வீடு எந்தத் தெருவில் என்று விசாரிக்க ஊருக்குள் நடந்தார்.