பிரபுவின் பாரம்

எதிர்த்து நிற்க ஆளில்லாமலே பார்லிமெண்டுக்குப் போனவர் ட்ரெல்வின் பிரபு. புகழ்ச்சியைத் தவிர வேறெதையும் கேட்டறியாதவர். கவர்னராகி இங்கே வந்து, பல்லக்கில் மலையேறினார். தூக்கிகளின் பாட்டில் 'பன்றி' என்று காதில் விழுந்தது. பேசிச் சமாளிக்கும் அளவு தமிழ் அவருக்குத் தெரியும்.

"என்னைப் புகழ்ந்து பாடு. இல்லையேல் சுடுவேன்."

துப்பாக்கி, முன்னால் தூக்கிய சடையாண்டியின் பிடரியில் பதிந்தது. பக்கத்திலேயே கிடுகிடு பள்ளம்.

"பாடுறேன் தொரை. ஆனா 'பன்றி கனம்'னு பாட்டுல கேட்டாத்தான் எங்காளுங்க பிடியை இறுக்குவாங்க. 'பூப்போல இருக்காரு தொரை'ன்னு பாடினா பிடி தளர்ந்துடும். பாடட்டுமா?"

பிரபு பள்ளத்தை எட்டிப் பார்த்தார். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பழைய பாட்டே இருக்கட்டும்."

அடுத்த வளைவு வந்தது.

"இன்னும் சத்தமாகப் பாடு" என்றார்.